அழிப்பதற்கு முன் நீக்க வேண்டிய பெயர்

தையற்கூடத்தில் அனைவரும் ‘கத்திரி அக்கா’ என்றழைத்த அந்தப் பெண்மணிக்கு ஒரு வழக்கம் உண்டு. உடைக்குரிய அளவுகளைப் பழுப்புக் காகிதத்தில் வரைந்து வெட்டி மேசைமேல் விரித்தவுடன், குண்டூசி அதில் ஏறுவதற்கு முன்பே, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். அதன் பிறகுதான் காகிதம் துணிமேல் ஏறும். துணியை வெட்டி முடித்தாளோ இல்லையோ, காகிதம் சுக்குநூறாகிவிடும். “உங்க உடை உங்களுக்கு மட்டும்தான். அதோட அச்சு இன்னொருத்தி உடம்புல ஏறாது” என்று வாடிக்கைப் பெண்களுக்கு அவள் கொடுத்திருந்த வாக்கு அத்தகையது. பின்னாளில் உடையைப் பிரித்துத் திருத்த நேர்ந்தால் பார்த்துக்கொள்ள அந்தப் படம் ஒன்றே எஞ்சும். வெட்டும் அறைக்கு உட்புறம் ஒரு தாழ் உண்டு. அவள் வெட்டும் வேளையில் உடன்பிறந்த தம்பிக்குங்கூட அத்தாழ் திறந்ததில்லை.

ஆகவே, மேசை இழுப்பறையில் உறங்கிக்கொண்டிருந்த பழைய கைப்பேசியைத் தம்பியின் மகளுக்கு விளையாடக் கொடுப்பது என்று ஏற்பாடானபோது, அதை முற்றும் அழிக்காமல் கொடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கைப்பேசி ஒருமுறை தண்ணீர் வாளிக்குள் விழுந்து எழுந்தது. எழுந்த பின் திரை ஒளிர்ந்தது, பாட்டுப் பாடிற்று. ஆனால் வெளியுலகத்தோடு அதற்கிருந்த தொடர்பு அற்றுப்போயிற்று. வைஃபையும் இல்லை, சிம் கார்டையும் அது மதிப்பதில்லை.

“குடுக்கா, நானே வீட்டுல வச்சு அழிச்சுக்கறேன். இதுக்குப் போய் கடைக்கா?” என்றான் தம்பி. கடந்த சில நாள்களாக அவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

“என் பேப்பர் கட்டிங் எல்லாம் அதுலதான்டா இருக்கு. பாப்பா எங்கயாவது விரலை வச்சு யாருக்காவது அனுப்பிட்டா?”

“நெட்டே வராத போன்ல எப்படி அனுப்பும்? புறா கால்ல கட்டியா?”

அவள் சிரித்தாள். அவன் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். தாய் இறந்தபோது அவன் நடக்கவே பழகியிராத பிள்ளை. அவளுடைய இடுப்பில்தான் வளர்ந்தான். இப்போது கூடத்துக்கு வேண்டிய துணிகளை வாங்கி வருவதும், தைத்த உடைகளைக் கொண்டு சேர்ப்பதும் அவன் பொறுப்பு. எனினும், தன் அச்சுகளின் வகையில் அவள் ஒருமுறை சூடுபட்டவள். எனவே மறுநாட் காலையில் தானே கைப்பேசியை எடுத்துக்கொண்டு, தெருமுனையிலிருந்த பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டியிருந்தார். அதைக் கழற்றாமலே பேசுவது அவர் பழக்கம்.

“அழிக்கறது ஒரு நிமிஷ வேலைங்க. ஆனா அழிச்சிட்டுத் திறக்கும்போது, ‘முன்னாடி இதுல குடியிருந்த ஆள் நீதானா’ன்னு கேக்கும். நாம பாஸ்வேர்டு போட்டாலும், அது சரியா தப்பான்னு நெட்ல போய் விசாரிச்சுட்டு வரணும். இதுல நெட்டு கிடையாது. அப்ப என்ன ஆகும்? கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்துக்கும். அப்புறம் பாப்பா இதை வச்சு வீடுதான் கட்டணும், செங்கல்லு மாதிரி.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. அழிக்கறதுக்கு முன்னாடி, உள்ள யார் யார் கணக்கு ஏறியிருக்கோ எல்லாத்தையும் இறக்கி விட்டுடணும். பஸ்ஸு ஷெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஆளுங்களை இறக்கற மாதிரி.” சொல்லிக்கொண்டே விரலால் திரையைத் தள்ளினார். “ரெண்டு பேர் உக்காந்திருக்காங்களே. ஒண்ணு நீங்க. இது யாருங்க?”

அவள் குனிந்து பார்த்தாள். தம்பியின் பெயரும் அவன் பிறந்த ஆண்டும் சேர்ந்த முகவரி.

“என் தம்பி. போனை வாங்கி எல்லாம் ஏற்பாடு பண்ணிக் குடுத்தவனே அவன்தான்” என்றாள். குரலில் சிறிது பெருமையும் இருந்தது.

“அதானே பாத்தேன். இருங்க, படமெல்லாம் வேற எங்கயாவது பத்திரமா இருக்கான்னு பாத்துடறேன். இல்லேன்னா அப்புறம் என் தலையை உருட்டுவீங்க.” சற்று நேரம் தேடினார். முகம் மலர்ந்தது. “கவலையே வேணாம். எல்லாம் உங்க தம்பி கணக்குல பத்திரமா இருக்கு. நீங்க எடுக்க எடுக்க அங்க போய்ச் சேந்துக்கிட்டே இருந்திருக்கு. நெட்டு அத்துப்போன அன்னிக்கு வரைக்கும்.”

“எடுக்க எடுக்கன்னா?”

“இங்க நீங்க ஒரு படம் எடுத்தா, கொஞ்ச நேரத்துல அவர் போன்ல அதைப் பாக்கலாம். உங்க கணக்குக்குப் போக வேண்டியதை அவர் கணக்குக்குத் திருப்பி வச்சிருக்காரு. நல்லதுதான். தம்பி கையில இருந்தா உங்க கையில இருக்கற மாதிரிதானே.”

கடைக்காரர் அதை நற்செய்தியாகவே சொன்னார். அவளோ கல்லாப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இறக்கி விட்டு அழிச்சிடவாங்க?”

“வேண்டாம். குடுங்க.”

தெருவில் நடந்தவள் நேரே கூடத்துக்குச் செல்லவில்லை. பேருந்து நிறுத்தத்து இருக்கையில் அமர்ந்து, வந்த வண்டிகளையெல்லாம் போகவிட்டாள். ‘தெரியாமல் செய்திருப்பான். ஏற்பாடு செய்யும்போது ஏதோ ஒரு பொத்தானைத் தவறி அழுத்தியிருப்பான்’ என்று முதலில் தம்பிக்காக வாதாடினாள். வாதாடும்போதே ‘பொத்தான்’ என்ற சொல் நெஞ்சில் முள்ளாய்க் குத்திற்று.

பொத்தான் என்பது அவளுடைய தோழியின் செல்லப் பெயர். அவள் தைத்த பொத்தானைப் பல்லால் கடித்தாலும் பிய்க்க இயலாது. அதனால் வந்த பெயர் அது. பத்தாண்டுக் காலம் இருவரும் ஒரே கூடத்தில் நகமும் சதையுமாய் இருந்தவர்கள். கத்திரி அக்கா வெட்டியதைப் பொத்தான் தைப்பாள். பிறகு கத்திரி அக்காவின் அச்சுகள், உடை கைமாறும் முன்னரே, பெரிய தெருவிலிருந்த, கண்ணாடி முகப்புள்ள உடைக் கடையில் தொங்கத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு ஒன்று. கடைசியாக, மேடைப் பாடகி ஒருத்திக்காகத் தைத்த சாம்பல் நிறக் கவுன். பாடகி அதை வாங்கிக்கொள்ள வந்த அன்று, அதே கவுன் கண்ணாடிக்குள் ஒரு பொம்மையின்மேல் நின்றதைக் கண்டுவிட்டுத்தான் வந்தாள். “எனக்கு மட்டும்தான்னு சொன்னீங்களே” என்று அவள் சொன்னதையும், உடையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதையும் கூடத்தில் எல்லாரும் கேட்டார்கள், கண்டார்கள்.

“வீட்டுக்குள்ளதான்க்கா ஓட்டை” என்றான் அன்று தம்பி. “பொத்தான் அக்காவோட தங்கச்சி அந்தக் கடையிலதானே பில் போடறா?”

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. கத்திரி அக்கா கூடத்தின் நடுவில் நின்று தோழியைத் திருடி என்றாள். பொத்தான் வெளியேறினாள். அதன்பின் அச்சுத் திருட்டு நின்றுபோயிற்று. “பாத்தியா, ஆள் போனதும் திருட்டும் போச்சு” என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவளும் அப்படியே நம்பினாள். பொத்தான் போன அதே வாரத்தில்தான் கைப்பேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்தது; இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. புதிய கைப்பேசியை ஏற்பாடு செய்து கொடுத்தவரோ விற்ற கடைக்காரர், தம்பி அல்லன்.

அப்போதும் அவள் மனம் முரண்டு பிடித்தது. படங்கள் அவனிடம் போயிருக்கலாம். ஆனால் அவன்தான் கொடுத்தான் என்பதற்கு என்ன சான்று?

சான்று அந்தக் கவுனிலேயே இருந்தது. சாம்பல் நிறக் கவுனுக்குக் காகிதம் வரைந்தபோது அவள் ஒரு பிழை செய்திருந்தாள். கை பொருந்தும் வளைவு, முதுகுப்புறத்தைவிட மார்புப்புறம் சற்று ஆழமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கையை முன்னே நீட்டியதும் அக்குளோரம் சுருங்கி இழுக்கும். அவளோ இரண்டையும் ஒரே அளவாக வரைந்துவிட்டாள். படம் எடுத்த பின்னரே அது கண்ணில் பட்டது. காகிதத்தைத் தொடாமல், துணியிலேயே சாக்குக் கட்டியால் வளைவைத் திருத்தி வரைந்து வெட்டினாள், காகிதத்தைக் கிழித்தெறிந்தாள். பொத்தானின் கைக்குப் போனது திருந்திய துணி. பிழை வாழ்ந்த இடம் படம் ஒன்றே.

அந்த உடைக் கடையின் பொம்மையோ ஒரு கையை முன்னே நீட்டிக்கொண்டு நின்றது. அக்குளோரம் மூன்று சுருக்கங்கள். ‘திருடத் தெரிந்தவனுக்குத் தைக்கத் தெரியவில்லை’ என்று அன்று அவள் ஏளனமாக எண்ணியதோடு சரி. அது தன் பிழையேதான் என்பது இத்தனை காலம் கழித்து, ஒரு பேருந்து நிறுத்தத்தில் அவளுக்கு விளங்கிற்று. வேலியாக நின்றவனே பயிரை மேய்ந்திருக்கிறான். மேய்ந்தவனுக்குப் பயிரின் தரங்கூடத் தெரிந்திருக்கவில்லை.

மதியத்துக்குப் பின் தம்பி ஒரு துணிக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். வாழ்நாளில் முதன்முறையாக வெட்டும் அறைக் கதவு அவனுக்காகத் திறந்திருந்தது. அவன் வாயிலிலேயே தயங்கினான்.

“உள்ள வா.”

“அழிச்சாச்சாக்கா?”

“இல்லை. உன் பேரு உள்ள இருக்காம். அதை இறக்கினாத்தான் அழிக்க முடியுமாம்.”

“ஓ, அதுவா? குடு, ரெண்டு நிமிஷ வேலை.” கையை நீட்டினான். அவள் மேசைமேலிருந்த கைப்பேசிமேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

“அந்தச் சாம்பல் கலர் கவுன் ஞாபகம் இருக்காடா?”

“எது? அந்தப் பாடகியோடதா? அது பழைய கதைக்கா. திருடினவதான் போயாச்சே.”

“கண்ணாடிக்குள்ள நின்னுச்சே, அக்குள்ள சுருக்கத்தோட. அந்தச் சுருக்கம் நான் போட்ட பேப்பர்லதான் இருந்துச்சு. துணியில கிடையாது, துணியில நான் திருத்திட்டேன். பொத்தான் தொட்டது துணியை. பேப்பரைப் பாத்தது நான் ஒருத்தி. அப்புறம் இந்த போன்.”

துணி வாங்கத் தெரிந்தவனே ஒழிய, அவன் வெட்டத் தெரிந்தவன் அல்லன். அவள் சொன்னது முழுதும் அவனுக்கு விளங்கியிராது. ஆனால் அவள் கை எதன்மேல் இருந்தது என்பது விளங்கிற்று. தோளிலிருந்த கட்டை மெல்ல இறக்கி வைத்தான்.

“எல்லாத்தையும் குடுக்கலைக்கா. சிலதைத்தான்.”

அவள் உள்ளங்கையை எடுக்கவில்லை.

“அங்க எனக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. நான் போனா நாற்காலி போடுவாங்க. ‘உங்க கண்ணுக்கு எது படுது, சொல்லுங்க’ன்னு கேப்பாங்க. இங்க நான் யாரு? மூட்டை தூக்கறவன். இந்தக் கதவுக்கு வெளிய நின்னு ‘அக்கா’ன்னு குரல் குடுக்கறவன். ஒரு நாளாவது ஒரு பேப்பரைக் காட்டி ‘எப்படிடா இருக்கு’ன்னு கேட்டிருக்கியா நீ?”

“கேக்காதது என் தப்புதான். அதுக்காகப் பொத்தான் மேல பழியைப் போடுவியா?”

“நான் எங்க போட்டேன்? ‘அவ தங்கச்சி அங்க பில் போடறா’ன்னு சொன்னேன். அது உண்மைதானே? திருடின்னு சொன்னது நீ.”

வெட்டுக் கத்திரியின் வாய் துணியில் ஓடுவது போல் அந்தச் சொல் ஓடிற்று. ஆயினும் கேட்டாள்:

“அவ போறப்ப, வாசல்ல நிறுத்தி அவ பையைத் துழாவினது யாருடா? உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் துழாவினே.”

அவன் தரையைப் பார்த்தான். பிறகு, சிறுவனாயிருந்தபோது பீங்கானை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே குரலில் கெஞ்சினான்.

“நடந்தது நடந்துபோச்சுக்கா. நான் அந்தக் கடைப் பக்கம் போறதை விட்டு எத்தனையோ நாளாச்சு. இதை அழிச்சிடு. பொத்தான் அக்காவுக்கு நானே நல்ல இடமா பாத்து வேலை வாங்கித் தரேன். நமக்குள்ள இருக்கறது நமக்குள்ளயே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம். என் மகளுக்காகவாவது.”

அந்தக் குரலுக்கு அவள் வாழ்நாளெல்லாம் இளகியவள். இப்போதும் நெஞ்சு இளகத்தான் செய்தது. அதுவே அவளுக்கு அச்சமூட்டிற்று. அவன் கேட்டது மன்னிப்பு அன்று. குழந்தைக்கென்று சில நாளாக அவன் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கைப்பேசியைத் தன் பெயரை ஓசையின்றி நீக்கிவிடத்தான் கேட்டான் என்பதும் இப்போது வெட்டவெளிச்சமாயிற்று. அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

பொத்தான் தன் வீட்டுச் சன்னலோரத்தில் பள்ளிச் சீருடைகளுக்குக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வியப்புற்றதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“வாங்க. உக்காருங்க.”

வாடி, போடி என்றே அழைத்துப் பழகியவள். அந்த ‘வாங்க’ கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கத்திரி அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: கணக்கு, படம், சுருக்கம், தம்பி. கையிலிருந்த பட்டை முடியும் வரையில் பொத்தான் இயந்திரத்தை நிறுத்தவில்லை. முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அப்ப போன் சொல்லிடுச்சு.”

“ஆமா.”

“நானும் சொன்னேனே, ‘நான் எடுக்கலைடீ’ன்னு. பத்து வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தவ சொன்னது காதுல ஏறலை. தண்ணியில விழுந்து செத்த போன் சொன்னது ஏறிடுச்சு.”

“தம்பியாச்சே. அவன் பொய் சொல்லுவான்னு நினைக்கலை.”

“நான் சொல்லுவேன்னு நினைச்சியே.”

பொத்தான் தைத்து முடித்த பட்டையை மடித்து ஒதுக்கினாள். பிறகு பொத்தானுக்கு என்ன தோன்றிற்றோ, “அன்னிக்கு என் பையில என்ன இருந்துச்சு தெரியுமா? பாதி கடிச்ச ஆப்பிளும் ஒரு சீப்பும். உன் தம்பி அந்தச் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தான், பல்லுக்கு நடுவுல டிசைன் ஒளிஞ்சிருக்குமோன்னு” என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது வற்றிப்போயிற்று.

“திரும்ப வந்துடுடீ.”

“எதுக்கு? அடுத்த கவுன் காணாமப் போனா சீப்பை எடுத்துக் காட்டவா?”

“நான் என்ன செய்யணும்னு சொல்லு. செய்யறேன்.”

பொத்தான் அடுத்த பட்டையை எடுத்து இயந்திரத்தின் அடியில் வைத்தாள்; மிதிக்கவில்லை.

“என்னைத் திருடின்னு எங்க வச்சுச் சொன்னே?”

“கூடத்துல.”

“யார் யார் இருந்தாங்க?”

“எல்லாரும்.”

“திருடி இல்லைங்கறதை எங்க வச்சுச் சொல்றே? என் வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு.”

மறுநாட் காலையில் இயந்திரங்கள் ஓடத் தொடங்குமுன் கத்திரி அக்கா கூடத்தின் நடுவில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றாள். தைப்பவர்கள், இஸ்திரி போடுபவர், பொத்தான்துளை இடும் பெண் ஆகிய அனைவரும் இருந்தனர். தம்பியும் வரவழைக்கப்பட்டிருந்தான். பொத்தான் வாயிலுக்கு உள்ளே வராமல், நிலையில் சாய்ந்து நின்றாள்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. “அன்னிக்குப் பொத்தானைத் திருடின்னு சொன்னேன். அவ எடுக்கலை. என் படத்தையெல்லாம் என் தம்பி எடுத்துக் குடுத்திருக்கான். விசாரிக்காம அவளைத் துரத்தினது நான். இதை உங்க எல்லார் முன்னாடியும் சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்.”

தைப்பவர்கள் தம்பியின் பக்கம் திரும்பினார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் சூடேறியிருந்த பெட்டியைத் தூக்கிப் பிடித்தவர், அதை வைப்பதா வேண்டாமா என்று அறியாமல் நின்றார்.

“அக்கா, எல்லாரும் பாக்கறாங்க” என்றான் தம்பி, தாழ்ந்த குரலில்.

“அன்னிக்கும் பாத்தாங்க.” கைப்பேசியை அவனிடம் நீட்டினாள். “இந்தா. உன் பேரை நீயே இறக்கு.”

“இது போச்சுன்னா உனக்குச் சாட்சியே இருக்காதே.”

“இனிமே யாருக்கு வேணும் சாட்சி? எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

அவன் வாங்கினான். இரண்டு முறை தவறான இடத்தைத் தொட்டான். மூன்றாம் முறை அவன் பெயர் திரையிலிருந்து மறைந்தது. அவள் தன் பெயரையும் இறக்கினாள். அழிக்கும் இடத்தைத் தேடி அழுத்தினாள். ‘அனைத்தும் நீங்கிவிடும், உறுதியா?’ என்று அது கேட்டது. அவள் மீண்டும் அழுத்தினாள். திரை இருண்டு வட்டமிட்டு, நெடுநேரம் சென்று, எந்த மொழியில் பேசட்டும் என்று வினவிக்கொண்டு வெளிச்சமாயிற்று. அவள் அதற்கு விடையளிக்கவில்லை.

“கேட்டாச்சு” என்றாள் பொத்தான். “காலர் பாக்கி இருக்கு, நான் கிளம்பறேன்.” ஒருவரும் தடுக்கவில்லை. கத்திரி அக்கா வாயில் வரைக்கும் போனாள். பொத்தான் திரும்பிப் பார்த்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தெருவில் இறங்கி நடந்தாள்.

கூடத்தில் ஒவ்வோர் இயந்திரமாக ஓடத் தொடங்கிற்று. எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி துணி மாதிரித் துண்டுகள் வைக்கும் தன் பையைத் தேடி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். அவளிடமிருந்து ஏதாவதொரு சொல், ஒரு வசவேனும் வரும் என்று எதிர்பார்த்தவனாய்ச் சிறிது நேரம் நின்றான்.

“போயிட்டு வரேன்க்கா.”

“போயிட்டு வா” என்றது அவள் வாய், நாற்பதாண்டுப் பழக்கத்தில்.

அவன் முகத்தில் ஒரு சிறு தெம்பு அரும்பியது. அதைக் கண்டதும் அவளுக்குத் தன் நாவின்மேலேயே வெறுப்பு வந்தது.

“இல்லைப்பா,” என்றாள் அவள், “வர வேண்டாம்.”